பதினொரு பக்கத் திட்டமும் பக்கத்து வீட்டுப் பையும்

பயந்தவன் போடும் பயணத் திட்டத்தைப் போல விரிவானது இந்த உலகத்தில் வேறொன்றும் இல்லை. கல்யாணமான முதல் வருஷம் கேமரன் மலைக்கு நான் போட்ட திட்டம் பதினொரு பக்கம். அடிவாரத் தாப்பா ஊரில் ஏறும் பழைய மலைப்பாதையில் எந்த வளைவு தாண்டி அருவி வரும், எங்கே தேநீர், எங்கே போட்டோ, மாமனாருக்கு எங்கே கழிவறை என்று எல்லாமே இருந்தது. எனக்கு மேட்டில் வண்டி ஓட்ட வராது என்ற ஒரு தகவல்தான் இல்லை.

ஓட்டுநர் தேர்வில் மேட்டின் நடுவே மஞ்சள் கோட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் ஏற வேண்டும். மூன்று தடவை உருண்டேன். நான்காவது தடவை எப்படித் தேறினேன் என்று எனக்கே தெரியாது. மறுமாதமே ஆட்டோ கியர் கார் வாங்கிக்கொண்டு ஜொகூர் பாருவில் சமதரையாகப் பார்த்து வாழ்ந்து வந்தேன்.

வினை பெண் பார்க்கப் போன அன்றே ஆரம்பித்தது. ஜொகூரின் சாஆ என்ற சின்ன ஊரில் சுபாவின் வீட்டில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் அப்பா சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"கேமரன் மல பழைய ரோட்டுல ஓட்டியிருக்கீங்களா தம்பி? லேசுப்பட்ட ரோடு இல்ல அது."

"எத்தனையோ தடவ ஓட்டியிருக்கேன் அங்கிள்," என்றேன். (கேசரி வாயில் இருக்கும்போது மனுஷன் பேசவே கூடாது.)

"அப்ப ஒரு நாளைக்கு எங்களையும் கூட்டிட்டுப் போங்க," என்றார். அவரும் அத்தையும் அந்த மலையைப் பார்த்ததே இல்லையாம்.

கல்யாணத்துக்குப் பிறகும் ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். கடைசியில் மலைமேல் தானா ராத்தா ஊரில் அறையும் போட்டாயிற்று. ஆட்டோ கியர்தானே, மிதித்தால் ஏறிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வெள்ளிக்கிழமை லீவு போட்டு சாஆவுக்குப் போனேன். மறுநாள் காலையில் புறப்பாடு.

மாமா காலண்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சனிக்கிழமை காலை நேரம் சரியில்லை, இன்றைக்குப் பத்தரைக்குத்தான் நல்ல நேரம். அதற்கும் வழி வைத்திருந்தார். நல்ல நேரத்தில் ஒரு பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே கிளம்பிவிட்டதாக அர்த்தம். போகும்போது பையை எடுத்துக்கொண்டால் போதும்.

"முக்கியமான பொருளா வைங்க மாப்பிள்ளை. பழைய துண்ட வச்சா கெளம்புன மாதிரி ஆவாது," என்றார்.

புது மாப்பிள்ளை அல்லவா, நல்ல பேர் எடுக்கும் ஆசையில் பதினொரு பக்கத் திட்டத்தை வைத்தேன். அதற்கு மேல் கார் சாவியையும் வைத்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டு கேட்டில் பெரிய பூட்டு. அந்த வீட்டு மணியம் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அலமாக், அடடா, நாங்க நேத்து சாயந்தரமே சிங்கப்பூர் வந்துட்டோம் தம்பி, மக வீட்டுக்கு. நாளைக்குத்தான் வருவோம். பை பத்திரமா உள்ள இருக்கு, நீங்க பயப்படாம போயிட்டு வாங்க."

மாற்றுச் சாவி எங்கே என்று சுபா கேட்டாள். ஜொகூர் பாருவில், எங்கள் வீட்டு அலமாரியில். ('அவசரத்துக்கு' என்ற தலைப்பில் பத்தாம் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். அந்தப் பக்கமும் பைக்குள்தான்.) முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "ஏன், வேன் இருக்குல்ல?"

அத்தை இருபது வருஷம் எஸ்டேட் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன வேன் அது. கையால் கியர் போடும் வேன். அத்தை ஓட்டட்டுமே என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"மாப்பிள்ளைக்குப் பழக்கமான ரோடு. அவரே ஓட்டட்டும்."

நெடுஞ்சாலை வரை தப்பித்தேன். தாப்பா தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பச்சையும் பனியும் மூங்கிலுமாக அத்தனை அழகு என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் ஸ்டியரிங்கை மட்டும்தான் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் பின் சீட்டில் அத்தையின் கால், இல்லாத பிரேக்கை மிதிப்பது போலத் தரையைத் தட்டும் சத்தம் கேட்டது.

பாதி மலையில் சாலை வேலை. சிவப்புக் கொடியைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். நல்ல செங்குத்தான மேடு, பின்னால் உர மூட்டை ஏற்றிய லாரி. பச்சைக் கொடி காட்டியதும் கிளட்சை விட்டேன். எஞ்சின் நின்றது, வேன் பின்னால் உருண்டது. மறுபடி முயன்றேன், இன்னும் கொஞ்சம் உருண்டது. லாரிக்காரர் தலையை நீட்டி, அண்ணே, ஏறப் போறீங்களா இறங்கப் போறீங்களா என்று மலாயில் மரியாதையாகக் கேட்டார்.

"எத்தனையோ தடவ ஓட்டியிருக்கேன்னு சொன்னீங்களே மாப்பிள்ளை," என்றார் மாமா. குரல் அவருடையது மாதிரியே இல்லை.

கௌரவத்தைப் பார்த்தால் நால்வரும் லாரிக்குள் போய்விடுவோம். "ஒரு தடவதான் மாமா வந்திருக்கேன். அதுவும் பள்ளிக்கூட டூர், பஸ்ல. வழி முழுக்க வாந்தி."

சுபா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். அத்தைதான் பேசினார்.

"ஹேண்ட்பிரேக்க இழுத்துட்டு எறங்குங்க மாப்பிள்ளை."

இறங்கினேன். அத்தை ஏறி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரே மூச்சில் வேனைக் கிளப்பினார். மழையில் வழுக்கும் செம்மண் மேட்டில் பதினைந்து பிள்ளைகளோடு ஏறிப் பழகியவருக்கு இதெல்லாம் ஒரு மேடா?

"எனக்கு மேடு வராதுன்னு தெரிஞ்சிருந்தா மொதல்லயே சொல்லியிருக்கலாமே அத்தை," என்றேன்.

"சாஆ சிக்னல்லயே தெரியும். மாப்பிள்ளைய எப்படி எறங்குங்கன்னு சொல்றது?"

பின் சீட்டில் மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். இனி இந்த மனுஷன் முகத்தில் எப்படி முழிப்பது என்று குனிந்திருந்தவன் முன்னால் முறுக்கு டின் வந்தது. மாமா என் காதருகே குனிந்தார்.

"எனக்கும் மேடு ஏத்த வராது. முட்டி வலின்னு சொல்லி இருபது வருசமா அவளையே ஓட்ட விட்டுட்டேன். வெளிய சொல்லிறாதீங்க."

"அந்த முட்டி வலி சங்கதி எனக்கும் தெரியும்," என்றார் அத்தை, சாலையைப் பார்த்தபடியே.

அதன்பிறகுதான் நான் மலையைப் பார்த்தேன். அருவி வந்தது, மேகம் கீழே போனது, முறுக்கு தீர்ந்தது. ஒரு பொய்யைக் கீழே இறக்கி வைத்துவிட்டால் உடம்பு எவ்வளவு லேசாகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போதும் ஜொகூர் பாருவில் மால்களுக்குப் போனால் தரைத்தளத்தில் இடம் கிடைக்கும்வரை சுற்றுவேன். கிடைக்காமல் மேல்தளத்துச் சரிவுப் பக்கம் கார் திரும்பினால், சுபா கைப்பேசியை எடுத்து ஸ்பீக்கரில் போடுவாள்.

"அம்மா, ஒரு மேடு வந்துருச்சு."

சாஆவிலிருந்து அத்தையின் குரல் நிதானமாக வரும். "ஹேண்ட்பிரேக்க இழுத்துட்டு எறங்கச் சொல்லு. வேன எடுத்துட்டு வரேன்."