ஸ்பீக்கர் போட்ட ஆர்டர்

செங்கல்பட்டில் ரகசியம் என்ற ஒன்றே இல்லாமல் போனதற்கு எங்கள் ஸ்பீக்கர்தான் காரணம்.

பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்கு அந்தப் பெயர்தான். ப்ளஸ் ஒன் படித்தாள். காது அவ்வளவாகக் கேட்காது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். ஆனால் அவள் வாயைத் திறந்தால் பக்கத்துத் தெரு நாய் எழுந்து நிற்கும். மெதுவாகப் பேசச் சொன்னால், "கேக்காதது எனக்கு. அவங்களுக்கு இன்னா மிஸ் பேஜாரு?" என்பாள்.

மாற்றுத்திறனாளி மாணவர்களைக் கடைகளுக்குக் கூட்டிப்போய் வேலை பழக்குவது என் பொறுப்பு. முதலில் அவளை ஒரு மருந்துக்கடையில் சேர்த்தேன். அடுக்குவதில் படு சுத்தம். ஒருநாள் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் வந்து கடைக்காரர் காதோரம் ஏதோ கேட்டார். அலமாரிப் பக்கம் நின்ற இவள் உதட்டைப் படித்துவிட்டாள்.

"மூலத்துக்குத்தானே சார்? இங்க கீது, எடுத்துகினு வரேன்!"

ரோட்டில் போன பஸ் பிரேக் போட்டது. ஹெட்மாஸ்டர் குடையை மறந்துவிட்டு ஓடினார். பொண்ணு தங்கம்தான், ஆனால் வேறு கடை பாருங்கள் என்றார் கடைக்காரர்.

அடுத்தது பியூட்டி பார்லர். கல்யாணப் பெண்ணின் அம்மா, சம்பந்தியம்மாளைப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டு, தலைக்கு டை போட வேண்டும் என்று கிசுகிசுத்தார். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கப்புறம் யாரும் அவளைச் சேர்க்கவில்லை. அவள் முகம் செத்துப்போயிற்று. ஒரு வாரம் பள்ளியில் பேசவே இல்லை. அந்த அமைதியை எங்களால் தாங்க முடியவில்லை.

கடைசியில் மாமல்லபுரத்தில் பிரியாணிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய் ஒப்புக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம், சரிப்படாவிட்டால் வருத்தப்படக்கூடாது என்றார். அவர் கடையில் அடுப்படி பின்பக்கம். உள்ளே ஓடும் ஃபேன் இரைச்சலில் சமையல் மாஸ்டருக்கு எந்த ஆர்டரும் காதில் விழாது. மட்டன் கேட்ட மேஜைக்கு மீன் போகும்.

மத்தியானம் நல்ல கூட்டம். நான் கை கழுவும் இடத்தில் ஒளிந்து நின்றேன். ஸ்பீக்கர் முதல் மேஜைக்காரர்களின் உதட்டைப் பார்த்தாள். பின்பக்கம் திரும்பினாள்.

"மாஸ்டர்! ரெண்டு மட்டன், ஒரு எறா!"

உள்ளே கரண்டி விழும் சத்தம் கேட்டது. மாஸ்டர் எட்டிப் பார்த்து ஏதோ கத்தினார். தனக்குக் கேட்காது, கையைத் தூக்கிக் காட்டினால் போதும் என்றாள். மாஸ்டர் கையைத் தூக்கினார். அன்றைக்குக் கடை மூடும்வரை ஒரு தட்டுகூட மாறவில்லை.

பாய் என்னிடம் வந்தார். "டீச்சரம்மா, பொண்ண அடுத்த வாரமும் அனுப்புங்க. இல்லாங்காட்டி எம் மாஸ்டர் கோச்சிக்குவான்."

நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி மேஜையிலிருந்து பதில் வந்துவிட்டது: "வரேன் பாய்!"

ப்ளஸ் டூ முடித்து இப்போது அங்கேயே சம்பளத்துக்கு இருக்கிறாள். நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "எங்க மிஸ்ஸு வந்துகினு கீறாங்க!" என்று கடற்கரை வரைக்கும் கேட்கும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். வெட்கமாகத்தான் இருக்கும்.

ஆனாலும், மனசு சரியில்லாத நாட்களில் நான் மாமல்லபுரம் பஸ்ஸில்தான் ஏறுகிறேன்.