நண்டுக்கு நடத்தைச் சான்றிதழ்

"இன்னொரு கிளையையும் காணோம்!"

ஹெட்மாஸ்டர் மூக்கு சப்பையாகும் அளவுக்குக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். உப்புத் தண்ணீர்த் தொட்டி. கண்ணுக்குள் வைத்து வளர்த்த ஊதாப் பவளம் ஒரு பக்கம் மொட்டையாக நின்றது. மூலையில் பச்சை நண்டு பாசியை மென்றுகொண்டிருந்தது.

"பாசியைத் தின்னுவான்னு உள்ள விட்டா, பவளத்துலயே கை வச்சிருக்கான்!"

"வளர்ந்துடும், விடுங்க" என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

"விடுறதா? இதையெல்லாம் முளையிலேயே கிள்ளணும்."

பள்ளிக்கூடத்தில் அவர் டி.சி. கிழித்தால் கிழித்ததுதான். பச்சை நண்டு டப்பாவில் ஏறி எதிர் வீட்டுக்குப் போனது. அவர்களும் புதிதாக உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார்கள். கற்றுக்குட்டிகள். அங்கே பவளமா வளரப் போகிறது? வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

நண்டு போனதும் பாசி மண்டியது. மீன்கடைக்காரரிடம் ஓடினார்.

"பவளத்தைத் தொடாத நண்டா வேணும். நல்லா விசாரிச்சுக் குடுங்க."

"இந்தச் சங்கு நண்டு பரம சாது சார்."

சாதுதான். ஆனால் குடியிருந்த சங்கு அதற்குப் பிடிக்கவில்லை. தொட்டியில் பாசி மேய்ந்துகொண்டிருந்த நத்தையைத் தீர்த்துக்கட்டிவிட்டு, அதன் ஓட்டுக்குள் குடியேறியது. அதே வாரம் இன்னொரு கிளையும் மாயம்.

"கொலையும் பண்ணிட்டுத் திருட்டும் பண்ணியிருக்கான்!"

அதற்கும் டி.சி. அதுவும் எதிர் வீட்டுக்கு.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அப்போ இந்தப் பீங்கான் நண்டுதான் சார். விசிறி மாதிரி கையை ஆட்டி, தண்ணியில மிதக்கிறதைப் பிடிச்சுத் தின்னும். பவளத்தைக் கடிக்கணும்னா கடிக்கவே தெரியாது."

கடிக்கத் தெரியாத நண்டு வந்த பிறகும் கிளை போனது. அதைப் பிடிக்கப் போய்ப் பாறை சரிந்தது, மணல் கிளம்பித் தொட்டி முழுக்கச் சேறானது. ஹெட்மாஸ்டர் விடவில்லை. பிடித்தார், அனுப்பினார்.

தண்ணீர் தெளிந்த ஞாயிற்றுக்கிழமை, தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நண்டே இல்லாத தொட்டி. இனி எவன் தின்கிறான் பார்க்கலாம்.

குளித்துவிட்டு வந்தார். கிளை இல்லை.

"பாறைக்குள்ள ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான்! இன்னிக்கு அவனா நானான்னு பார்த்துடுறேன்!"

பனியனோடு தோள் வரைக்கும் தொட்டிக்குள் கையை விட்டு, ஒவ்வொரு பாறையாகப் பெயர்த்து வெளியே வைத்தார். கூடமெல்லாம் உப்புத் தண்ணீர். மீன்கள் போக்கிடம் தெரியாமல் சுற்றின. மனைவி மாப் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அழைப்பு மணி அடித்தது. எதிர் வீட்டுக்காரி, முகமெல்லாம் சிரிப்பாக.

"அக்கா, நீங்க ஒடச்சு ஒடச்சுக் குடுத்த பவளக் கிளையெல்லாம் ஜோரா வேர் பிடிச்சுக்கிச்சு, சார் குடுத்த நண்டுங்க ஒண்ணுகூட அது பக்கம் எட்டிப் பார்க்கலை, அவ்வளவும் தங்கம்!"