சித்தூர் மாலுமியின் தோணி விழா

தீவு திரும்பிகள் என்று ஓர் இனம் இருக்கிறது, தெரியுமோ? துபாய் திரும்பிகளை எல்லாருக்கும் தெரியும். தெருமுனையில் வரும்போதே செண்ட் வாசனை சொல்லிவிடும். இவர்கள் அதற்கும் ஒரு படி மேல். ஏரி கூட வற்றிக் கிடக்கும் சித்தூரில் உட்கார்ந்துகொண்டு, "காத்து சரியில்ல, இன்னிக்கி தோணி எடுக்கக்கூடாது" என்று பால்காரரை எச்சரிப்பார்கள். பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால், "நடுக்கடல்லயே நின்னவன் நானு" என்று கம்பியைப் பிடிக்காமல் நின்று, பாகாலா வருவதற்குள் யார் மடியிலாவது உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் தெரு தாமோதரனைத்தான் சொல்கிறேன். ஊரே பாஸ்போர்ட்டும் கையுமாக அலைந்த காலத்தில் மாலத்தீவில் ஓர் ஓட்டல் சமையற்கட்டுக்குப் போனார். போனது வெங்காயம் உரிக்க. திரும்பி வந்தது? கேப்டன்! பிடரியில் புரளும் முடி, அதன் மேல் வெள்ளைத் தொப்பி, எதைப் பார்த்தாலும் தூரத்தில் கரை தெரிகிற மாதிரி ஒரு பார்வை.

முதன்முதலில் தோணி ஏறிய செப்டம்பர் இருபத்தெட்டை அவர் வருஷம் தவறாமல் தோணி விழாவாகக் கொண்டாடுவார். முதலில் சாப்பாடு: மாசிக் கருவாட்டை உதிர்த்துத் தேங்காய், வெங்காயம், எலுமிச்சையோடு பிசைந்து ரொட்டிக்குள் வைத்துத் தருவார். பிறகு ஒலி: தீவுக்காரர்களின் மேளக் கேசட் ஜன்னலை உதற வைக்கும். கடைசியில் படம்: தோணியில் வந்த வெள்ளைக்காரர் ஒருவர் எடுத்துக் கொடுத்த வீடியோ. டி.வி.யின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, மேளத்தை அலறவிட்டு, அதற்கும் மேலே இவர் கத்துவார்: "அதோ, சுக்கான் புட்சிக்கினு நிக்கறது யாரு? அய்யாதான்!" திரையில் ஒரு முதுகு மட்டும் தெரியும். நாங்கள் ஏன் மறுக்கப்போகிறோம்? வாயில் ரொட்டி இருக்கிறதே.

தொண்ணூற்றாறில்தான் வந்தது வினை. அவர் மகள் யமுனாவும், திருப்பதியில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்த சீனுவும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். இந்த இடம் தட்டிப்போனால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று யமுனா அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கங்காதர நெல்லூரிலிருந்து திருப்பதி மலைக்குப் போன சீனுவின் அம்மா ஜெயம்மா, திரும்பும் வழியில் சித்தூரில் இறங்கிப் பேசி முடிப்பதாகச் சொல்லியனுப்பினார். எந்தத் தேதியில்? அதே இருபத்தெட்டில்.

"பொரட்டாசி சனிக்கெழம, மலைக்குப் போயி வர்றவங்க முன்னால கருவாடா? ஒரு வருசம் வுட்டாத்தான் இன்னா?" என்று அவர் மனைவி பத்மினி தலையில் அடித்துக்கொண்டாள்.

"தீவுல ஏதுடி பொரட்டாசி?" என்றார் கேப்டன்.

நெற்றியில் நாமமும் கையில் லட்டுமாக ஜெயம்மா சீனுவோடு உள்ளே நுழைந்தார். மாசிக் கருவாடு வாசலுக்கே வந்து அவரை வரவேற்றது. புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். கேப்டனோ அதையும் பார்க்காமல் மேளத்தைத் தட்டிவிட்டு, டி.வி.யையும் போட்டுவிட்டுத் தட்டை நீட்டினார். "துன்னுங்க சம்பந்தி, கடல் சாப்பாடு!"

"டேய் சீனு, ஏந்துருடா. இன்னிக்கி நாள்ல கவுச்சி துன்ற வூட்ல எனக்கு சம்பந்தம் வோணாம்." எழுந்துவிட்டார்.

யமுனாவின் முகம் செத்துவிட்டது. பத்மினி என்ன செய்தாள் தெரியுமா? விறுவிறுவென்று போய் மேளத்தை நிறுத்தினாள். டி.வி.யின் சத்தத்தை முழுக்க ஏற்றினாள்.

"அய்யோ, அத்த தொடாத!" என்று தாமோதரன் பாய்வதற்குள் கடல் பேச ஆரம்பித்துவிட்டது. அலைச் சத்தம். என்ஜின் சத்தம். அதற்கு நடுவே எங்கள் தெருவுக்கே பழக்கமான ஒரு குரல்: "கோவிந்தா! கோவிந்தா! ஏடுகொண்டலவாடா, என்னிய கரை சேத்துடு சாமி, உனுக்கு மொட்ட போட்டுக்கறேன்… உவ்வே!" சுக்கான் பிடித்த முதுகைத் தாண்டி கேமரா திரும்பியது. வெங்காய மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நம் மாலுமி.

வாசல்வரை போன ஜெயம்மா நின்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து, பிடரியில் புரண்ட அந்த முடியையே பார்த்தார்.

"அவ்ளோ தண்ணில இருந்து காப்பாத்திக் குட்த்திருக்காரு. மொட்ட போட்டீங்களா?"

தாமோதரன் அவசரமாக டி.வி.யை அணைக்கப் போனார்.

"மலை இங்கதானே கீது! இத்தினி வருசமா போவலயா? வேண்டுதல வச்சிக்கினு கல்யாணம் பண்ணா அது புள்ளைங்க தலமேல வந்து வுடியும். போயி முடி குட்த்துட்டு வாங்க. அப்பறம் தாம்பூலம் மாத்தலாம்."

முடி போனால் கேப்டனும் போய்விடுவாரே! தாமோதரன் பிடரியைத் தடவிக்கொண்டே, "ஐப்பசில பாக்கலாமே…" என்று இழுத்தார்.

"நைனா," என்றாள் யமுனா. "எனுக்காவ கெளம்பு நைனா."

அவர் மகளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி டி.வி. மேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். மறுநாள் தலையில் சந்தனத்தோடு வந்து அவர் தாம்பூலத் தட்டை வாங்கியபோது, உண்மையைச் சொல்கிறேன், அந்த மொட்டைத் தலை எனக்குப் பிடித்துப்போயிற்று.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்களும் சிங்கப்பூரோ பெங்களூரோ போய் வந்தவர்தானே? விருந்தாளி வந்ததும் ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறீர்களே, அதில் எந்த இரண்டு பக்கங்களை மட்டும் சேர்த்துப் புரட்டுகிறீர்கள்?