தொப்பைதட்டி காத்த பாலம்

சென்னைப் பட்டணத்தின் தெற்கு எல்லையைப் பட்டாளமும் காக்கவில்லை, போலீசும் காக்கவில்லை, தொப்பைதட்டிதான் காத்தார். இதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அடையாற்றுப் பாலத்துச் சாவடியில் இருந்த கலால் சேவகர் அவர். திருவான்மியூர்த் தோப்புகளிலிருந்து வரி கட்டாத கள் மயிலாப்பூருக்குள் வராமல் தடுப்பது அவர் வேலை. ஆரம்பத்தில் குடத்தோடு ஓடுகிறவர்களைத் துரத்தியும் பார்த்தார். அவருடைய ஓட்டம் முதல் விளக்குக் கம்பத்தோடு முடிந்துவிடும். அதற்குள் அகப்பட்டவன் கடத்தல்காரன். அகப்படாதவன் யோக்கியன், ஏதோ அவசரமாகப் போகிறான்.

அகப்பட்டவர்கள் எல்லாரும் தொப்பைக்காரர்களாக இருந்ததில் அவருக்கு ஞானோதயம் பிறந்தது. கள் கடத்துவது தொப்பைக்காரர்களின் தொழில்! அன்றோடு துரத்துவதையே விட்டார். தொப்பையோடு வருபவரை நிறுத்தி, தடியால் வயிற்றில் ஒரு தட்டு, பிறகு சோதனை. தென்கரையில் குடியிருந்து மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடமொன்றில் குமாஸ்தாவாக இருந்த நான் தினமும் தட்டு வாங்கினேன். என் மோர்சாதத் தூக்கை அவர் முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கையில், ஒல்லியான வாலிபர்கள் குடத்தோடு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.

ஓடத் தெரிந்தவன் எப்படி ஐயா உம்மிடம் அகப்படுவான் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மாட்டினவன்ல ஒரு ஒல்லியாச்சும் கீறானா சாமி? அவங்க தப்பு பண்ணியிருந்தா மாட்டியிருக்க மாட்டாங்களா?" என்றார்.

அந்தச் சமயம் சாவடியை மூடப்போவதாகப் பேச்சு வந்தது. சாந்தோமில் குழந்தை குட்டிகளோடு குடியிருந்த மனுஷர், ஊரை விட்டுப் போக நேருமோ என்று சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தார். மேலதிகாரி வந்து, இதுவரை எத்தனை பேர் தப்பினார்கள் என்று கேட்டார்.

"என் கையில மாட்டினவன் ஒருத்தன்கூட தப்பல தொரை."

துரை பூரித்துப்போனார். சர்க்காரும் தொப்பைதட்டி படித்த அதே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படித்ததுதானே! கடத்தல் அடியோடு ஒழிந்ததென்று சாவடியை மூடினார்கள். இத்தனை கெட்டிக்காரரை வீணாக்கலாமா என்று பதவி உயர்வு கொடுத்து, சேலத்துக்கு அப்பால் ஒரு மலைச் சாவடிக்கு அனுப்பினார்கள். அங்கே பாதை முழுக்க ஏற்றம்.

புறப்படுமுன் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். தடி இல்லை. வெறுங்கையால் என் வயிற்றில் மெதுவாகத் தட்டினார்; தூக்கைத் திறக்கவில்லை.

இப்போதும் அந்தப் பாலத்தில் நடக்கும்போது, சாவடி இருந்த இடத்தில் என் கால் தானாக நின்றுவிடுகிறது. தொப்பை முன்னைவிடப் பெரிதாகத்தான் இருக்கிறது. தட்டத்தான் ஆளில்லை.