தாகக் குடும்பத்தில் பழைய குழாய்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் சர்க்கரை, என் முழங்கால் மூவரும் ஒரே வீட்டில் பெரிய தகராறு இல்லாமல் இருந்து வருகிறோம். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் இருமலும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. பேரன் எந்நேரமும் போனைத் தடவிக்கொண்டிருக்கிறான், போன் சொன்ன சட்டையைத்தான் போடுகிறான், போன் சொன்ன பாட்டிலில்தான் தண்ணீர் குடிப்பேன் என்று அடம்பிடிக்கிறான், "உன் சின்னவ அந்த மாதிரி கம்பெனியிலதானே இருக்கா, என்ன செய்யலாம்னு கேட்டுச் சொல்லேன்டா" என்று எழுதியிருந்தாய். மேற்படி விஷயமாக விசாரணை முடிந்தது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டு. சாவியை அத்தானிடம் கொடு, எங்கே வைத்தோம் என்று அவர் அன்றைக்கே மறந்துவிடுவார். நான் எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைக் கீழே விவரித்திருக்கிறேன். பொறுமை இருந்தால் படி, இல்லாவிட்டால் பூட்டிவிட்டு வந்து படி.

என் வீட்டுக்காரி மூத்தவளின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போயிருப்பது உனக்குத் தெரியும். அவள் இருந்தவரை எனக்கும் சின்னவளுக்கும் நடுவில் தபால்காரர் அவள்தான். "அவளைச் சாப்பிட வரச் சொல்லு" என்று நான் சமையலறைப் பக்கம் சொல்வேன். "அப்புறம் வரேன்னு அப்பாகிட்ட சொல்லும்மா" என்று பதில் அதே வழியாகத் திரும்பி வரும். வருஷக்கணக்காக இப்படியே ஓடியதில், நாங்கள் இருவரும் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். தபால்காரர் ஊருக்குப் போனதும் தபால் நின்றுவிட்டது. பெண் நடு அறையில் சாப்பாட்டு மேசையை ஆபீசாக்கி, இரண்டு போன், ஒரு கம்ப்யூட்டர், காதில் ஒரு பொத்தான் சகிதமாக உட்கார்ந்திருக்கிறாள். நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். "சாப்பிட்டியா?" என்றால் "ம்." "ஃபேன் போடட்டுமா?" என்றால் "ம்." "போடவா, வேண்டாமா?" என்றாலும் "ம்." சண்டையா என்றால் சண்டையும் இல்லை, சண்டை போடக்கூட நாலு வார்த்தை வேண்டுமே. முப்பது வருஷம் குடிநீர் இலாகாவில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்தவன் நான். ஊரே வந்து என் ஜன்னலில் நின்று கத்தியிருக்கிறது. என் பெண் ஒரு தடவையாவது கத்த மாட்டாளா என்று இருந்தது அக்கா, உன்னிடம் மறைப்பானேன்.

அவள் வேலை என்னவென்று கேட்டாய் அல்லவா? ஒரு கம்பெனி தண்ணீர் பாட்டில் விற்கிறது. வாங்கியவர்கள் போனுக்குள்ளே ஒரு குரூப்பில் சேர்கிறார்கள், அதற்குத் 'தாகக் குடும்பம்' என்று பெயர். அந்தக் குடும்பத்தைக் கட்டி மேய்ப்பது என் பெண். புதிதாக வந்தவரை வரவேற்பது, அடித்துக்கொள்பவர்களை விலக்கிவிடுவது, கெட்ட வார்த்தையை அழிப்பது, அடுத்த மாத மூடி என்ன நிறம் என்று ஓட்டெடுப்பு நடத்துவது. உள்ளே இருப்பதெல்லாம் நம் பேரன் வயசுதான். பாட்டிலோடு மாடியில் படம், பாட்டிலோடு பஸ்ஸில் படம். ஒருவன் காலில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான், பக்கத்துத் தலையணையில் பாட்டிலும் படுத்திருக்கிறது. அவனை நலமா என்று கேட்டவர்களைவிடப் பாட்டிலுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டவர்கள் அதிகம். இத்தனை பேருக்கும் என் பெண் சளைக்காமல் பதில் எழுதுகிறாள். சில சமயம் பேசியும் அனுப்புவாள், கூடத்துக்குக் கேட்கும்: "அடடா, வருத்தப்படாதீங்க கண்ணா, நாங்கல்லாம் இருக்கோம்ல?" இந்தக் 'கண்ணா' நடு அறை வாசற்படியைத் தாண்டி என் பக்கம் வந்ததே இல்லை.

ஆகவே நான் கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கினேன். "பேரனுக்கா சார்?" என்றான் கடைக்காரன். "ஆமாம்" என்று பொய் சொன்னேன். குரூப்பில் பெயர் கேட்டது, 'பழைய குழாய்' என்று போட்டேன். இலாகாவில் எனக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர்தான், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனபின் என்ன செய்வது? பாராட்டிப் பேச எனக்கு வராது, பழக்கமில்லை. புகார் தெரியும். ஆனால் பொய்ப் புகார் எழுதக் கை ஓடவில்லை. நல்ல வேளையாகப் பாட்டிலிலேயே ஒரு குறை இருந்தது. காலையில் ஊற்றிய வெந்நீர் சாயங்காலம் வரை ஆறவில்லை, மாத்திரை போடப் போனவனுக்கு நாக்கு வெந்துவிட்டது. "மேற்படி பாட்டில் அளவுக்கு மீறி வேலை செய்கிறது, உரிய நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினேன். அனுப்பியதுதான் தாமதம், நடு அறையில் ஒரு சிரிப்புச் சத்தம். அப்புறம் டக் டக் டக் என்று தட்டும் சத்தம். பதில் வந்துவிட்டது: "வணக்கம் பழைய குழாய் ஐயா! நாக்கு இப்போது எப்படி இருக்கிறது? பாட்டிலிலிருந்து ஒரு டம்ளரில் ஊற்றி, ஆற வைத்துக் குடியுங்கள். சாப்பிட்டீர்களா?" அக்கா, என் பெண் என்னைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். நான் பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு, "சாப்பிட்டேன் அம்மா, நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று எழுதினேன். "இன்னும் இல்லை ஐயா, வேலை" என்று வந்தது. இது எனக்கு எப்படித் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் ஒரு தட்டில் சாப்பாட்டைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தேன். "ம்" என்றாள்.

அன்றிலிருந்து தினம் ஒரு புகார். மூடி வழுக்குகிறது, பாட்டில் உருண்டால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவிடுகிறார், இத்யாதி. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? அவளும் பதில் சொல்வாள். "எனக்கும் இன்று ஒரே தலைவலி ஐயா" என்று ஒருநாள் எழுதினாள், தைலத்தை எடுத்துப் போய் மேசை ஓரத்தில் வைத்தேன். இப்படியே விட்டிருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. நான்தான் வேலியில் போன ஓணானைப் பிடித்து உள்ளே விட்டுக்கொண்டேன். ஒரு காலேஜ் பெண் குரூப்பில் அழுதிருந்தாள்: அவளிடம் இருப்பது போன வருஷ மூடியாம், புது நிறம் இல்லாததால் வகுப்பில் கூட்டாளிகள் பக்கத்தில் உட்காருவதில்லையாம். எனக்குப் பொறுக்கவில்லை. "குழந்தாய், நான் குடிநீர் இலாகாவில் இருந்தவன். தண்ணீருக்கு நிறம் இல்லை என்று ஒருத்தரும் புகார் கொடுத்ததில்லை, நிறம் இருந்தால்தான் கொடுப்பார்கள். மூடி நிறத்தைப் பார்த்து உட்காருகிறவர்கள் எழுந்து போனால் உனக்குக் காற்று வரும். பேசாமல் வீட்டு டம்ளரில் தண்ணீர் குடி, தாகம் அதில்தான் தீரும்" என்று எழுதினேன். அந்தப் பெண் வீட்டிலிருந்த ஒரு நசுங்கின டம்ளரைப் படமெடுத்துப் போட்டாள். அடுத்த நாள் இன்னொருத்தி ஒரு டம்ளர். அப்புறம் ஊரில் உள்ள டம்ளர் எல்லாம் வந்து இறங்கிவிட்டது. நசுங்காத டம்ளர் வைத்திருந்தவர்கள் சுவரில் அடித்து நசுக்கிக்கொண்டார்களாம்! "பழைய குழாய் சொன்னா சரிதான்" என்று நான் சொல்லாததையெல்லாம் சொன்னதாக எழுதினார்கள். பாட்டில் விற்பனை படுத்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் நான் கூடத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், நடு அறைக் கம்ப்யூட்டரில் அவளுடைய மேனேஜரின் குரல் கேட்டது. "யாருங்க இந்தப் பழைய குழாய்? நிச்சயம் போட்டிக் கம்பெனி ஆளுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆளைத் தூக்குங்க. டம்ளரை நிறுத்துங்க. முடியலன்னா சொல்லிடுங்க, உங்க இடத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கறோம்." என் பெண், "பார்க்கிறேன் சார்" என்றாள். குரலில் சுரத்தே இல்லை. எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதி. விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டேன், கத்தவும் முடியவில்லை. அவள் ஆசைப்பட்டுச் சேர்ந்த முதல் வேலை அக்கா. அவளோடு பேச வேண்டும் என்று போய், பிழைப்பிலேயே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பழைய குழாய்க்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. எழுத்துக்கு எழுத்து அப்படியே தருகிறேன்: "ஐயா, உங்களை நீக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. இந்தக் குடும்பத்தில் என்னைத் திருப்பி 'நீங்கள் சாப்பிட்டீர்களா' என்று கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். எங்கள் அப்பாவும் நல்லவர்தான். ஆனால் அவருக்கு இப்படியெல்லாம் பேச வராது." பீன்ஸை வைத்துவிட்டு விரலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டேன். எழுந்துபோய் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்பாவை வைத்தே கம்பெனியைக் கவிழ்த்தாள் என்று வேலையும் போகும், மிச்சமிருந்த அந்த 'ம்'மும் போகும். அதனால் இலாகா புத்தியை உபயோகித்தேன். எங்கள் இலாகாவில் ஜனங்கள் கூடி எதிர்த்தால் உடனே ஒரு சுற்றறிக்கை விடுவோம், இது முதலிலிருந்தே எங்கள் திட்டம்தான் என்று. "அம்மா, என் முதல் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதிலைப் பாருங்கள். டம்ளர் என்று முதலில் சொன்னது நீங்கள்தான். அது கம்பெனியின் யோசனை என்று உங்கள் மேனேஜரிடம் எடுத்துக் காட்டுங்கள். நான் உடல்நிலை காரணமாக விலகிக்கொள்கிறேன்" என்று எழுதினேன்.

மேனேஜர் குதித்தது கூடம் வரை கேட்டது. சந்தோஷத்தில்தான். ஒரே மாதத்தில் கம்பெனி டம்ளர் கொண்டுவந்துவிட்டது. 'தாகக் குடும்ப டம்ளர்', ஏழு நிறம், நசுக்கியே விற்கிறார்கள். பாட்டிலைவிட விலை அதிகம். என் பெண்ணுக்குப் பதவி உயர்வு. பழைய குழாயின் பெயருக்கு மவுசு இருப்பதால் பெயரை மட்டும் கம்பெனிக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். இப்போது யாரோ ஒரு பையனை உட்கார வைத்துப் பழைய குழாய் மாதிரி எழுத வைக்கிறார்களாம். அந்தக் காலேஜ் பெண் நேற்று மறுபடி அழுதிருக்கிறாள், அவளிடம் இருப்பது முதல் நிற டம்ளராம், இரண்டாவது நிறம் வந்துவிட்டதாம். இதிலிருந்து நான் கண்டது, எதைச் சொன்னாலும் இந்தப் பிள்ளைகள் அதையும் ஒரு நிறமாக்கி வாங்கிவிடுவார்கள், நாம் வாயை மூடிக்கொள்வதே மேல். எங்கள் வீட்டில் நிலைமை பழையபடி 'ம்'. எனக்கு அதில் வருத்தம் இல்லை, அல்லது இருந்தாலும் பரிசீலனையில் இருக்கிறது. ஆதலால் முன்னே சொன்னபடி பீரோ, பூட்டு, சாவி.

அத்தானுக்கு என் வணக்கம். பேரனுக்கு என் ஆசிகள், போன் கையில் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லவும். அத்தானின் இருமலுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், அது தானாக எல்லாம் கேட்டுக்கொள்ளும்.

இப்படிக்கு,
உன் தம்பி
(ஓய்வு), (மறுபடியும் ஓய்வு)

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன், கிழிந்திருந்தால் மன்னித்துக்கொள். விலகிவிட்டேன் என்றுதான் எழுதினேன், வேறு பெயரில் எட்டிப் பார்ப்பதை நிறுத்தினேன் என்று எழுதவில்லை. இன்று காலை கம்பெனியின் பழைய குழாய் இப்படி எழுதியிருந்தது: "எங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். எதைக் கேட்டாலும் 'ம்' என்பாள். காது கொடுக்கவில்லை என்று நினைத்து நான் ஒரு பாட்டில் வாங்கினேன். வீண் செலவு. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்கும்தான் தெரியவில்லை." மூன்று தரம் படித்தேன். எழுதுவது எந்தப் பையனும் இல்லை அக்கா. கூடத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடு அறைக்குப் போனேன், கதவில் இடித்துப் பெரிய சத்தம். அவள் தலை நிமிரவில்லை. ஒரு போனை மட்டும் நகர்த்தி மேசையில் இடம் விட்டாள். "எப்பலேருந்து தெரியும்?" என்றேன். "விடுங்கப்பா, உட்காருங்க" என்றாள். ஆகவே மேற்கண்ட உத்தரவுகள் அனைத்தும் ரத்து. இதற்குள் பீரோவைப் பூட்டியிருந்தால் திற, அத்தான் சாவியைத் தொலைத்திருந்தால் உடை. பேரன் பக்கத்தில் போய் உட்கார். எந்த நிற டம்ளர் வேண்டும் என்று அவனையே கேட்டு எழுது, ஊழியர் குடும்பத்துக்குப் பாதி விலையாம். என் பெண் சொன்னாள். ஆமாம் அக்கா, வாயால் சொன்னாள்.