வைரஸ் சாருக்கு மெட்ராஸ் ஐ வந்த கதை

காரைக்காலில் அந்த நாளில் எந்த நோய்க்கும் பயப்படாத ஆட்கள்கூட வைரஸ் சார் வருவதைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். பையன்கள் வைத்த பேர் நிலைத்து, சொந்தப் பேர் அவருக்கே மறந்திருக்கும். நான் அதே கல்லூரியில் கிளார்க். ஒரே மாடியில் அவருக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவரைத் தேடி யாரும் படியேறி நான் பார்த்ததில்லை.

மெஸ்ஸில் இலையில் இட்லி விழுந்தால் போதும்.

"இத ஒரு செல்லுன்னு வச்சுக்குங்க. சட்னிதான் வைரஸ். தனியா கெடந்தா அது வெறும் தூசி. இப்ப பாருங்க, ஒட்டுது... உள்ள பூந்துட்டு... இனிமே இது இட்லி இல்லீங்க, சட்னி பண்ற ஃபேக்டரி!"

எதிரே இருப்பவர் பாதி இட்லியோடு கை கழுவப் போய்விடுவார். நாளடைவில் அந்த மேஜைக்கு யாருமே வருவதில்லை. சார் மட்டும் எதிர் நாற்காலியைப் பார்த்தபடி மெதுவாகச் சாப்பிடுவார். யாராவது வந்து உட்கார்ந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதுபோல.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் மெட்ராஸ் ஐ வந்தது. திருநள்ளாற்றுக் கூட்டத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கியது என்று பேச்சு. டீக்கடைக்காரர், தபால்காரர், போலீஸ்காரர் எல்லாரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ள, ஊரே சினிமா வில்லன்களால் நிரம்பியது. சார் பஸ் ஸ்டாண்டு வெயிலில் நின்று கத்தினார்.

"கண்ணத் தொட்ட கையால அடுத்தவங்களத் தொடாதீங்க! ஒருத்தர் துண்ட ஒருத்தர் வாங்காதீங்க!"

லாட்டரிச் சீட்டு விற்கிறார் என்று நினைத்த ஒரு பெரியவர், "குலுக்கல் எப்ப தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார். கத்திக் கத்தி ஒருநாள் மத்தியானம் சார் மயங்கி விழுந்தார். யாரோ ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த வாரம் காலையில் என் கதவைத் தட்டினார். கண் இரண்டும் தக்காளி. முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்கும் வந்துட்டுங்க!"

"அதுக்கு ஏன் சார் சிரிக்கிறீங்க?"

"இது தானா வராதுங்க. கை படணும், துணி படணும். என்னை யாருங்க தொட்டா?"

நியாயமான கேள்வி. மெஸ்ஸில் எதிர் நாற்காலி காலி. வகுப்பில் முன்வரிசை காலி. சவரம்கூடத் தானே செய்துகொள்கிற மனிதர். மிச்சம் இருப்பது நினைவில்லாமல் கிடந்த அந்த மத்தியானம் ஒன்றுதான். நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாலடி தள்ளி நின்றே பஸ் ஸ்டாண்டு முழுக்க விசாரித்தார். கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் கூடையை இறக்கி வைத்தாள்.

"நாந்தான் சார். மயங்கிக் கெடந்தீங்க, மூஞ்சியெல்லாம் மண்ணு. எம் முந்தானையாலதான் தொடச்சேன். அப்ப எனக்குக் கண்ணு செவந்துதான் இருந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

பெரிய பிரசங்கம் வரப்போகிறது என்று நான் நடுங்கினேன். சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரொம்ப நேரம் தொடச்சீங்களாம்மா?"

"ரிக்‌ஷா வர்ற வரைக்கும் சார்."

கைகூப்பிவிட்டு நடந்தார்.

சாயங்காலம் அவர் அறையை எட்டிப் பார்த்தேன். கண்ணுக்குத் தானே மருந்து விட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு மூக்கில், ஒரு சொட்டு காதில், மிச்சம் தலையணையில்.

"குடுங்க சார், நான் விடறேன்."

"வேணாங்க, ஒட்டிக்கும். தள்ளி நில்லுங்க."

"பேசாம படுங்க சார்."

தலையை மடியில் சாய்த்து, இமையை விரலால் பிரித்து மருந்தை விட்டேன். எந்த விளக்கமும் சொல்லாமல் சின்னப் பிள்ளைபோல் படுத்திருந்தார். மருந்து காய்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. நானும் எழுப்பவில்லை.

அடுத்த வாரம் என் கண் சிவந்தது. ஆபீசில் எல்லாரும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, "யார்கிட்டேருந்துய்யா ஒட்டுச்சு?" என்று கேட்டார்கள்.

"எங்க சார்கிட்டேருந்து" என்றேன்.