ரமணனுடையதைவிட லேசான ஸ்கீ

சகலனைப் பார்த்துப் பொறாமைப்பட்டதே இல்லை என்று யாராவது சொன்னால், அவருடைய மனைவிக்குச் சகோதரிகள் இல்லை என்று அர்த்தம். என் மனைவி சுகந்திக்கு ஒரு தங்கை உண்டு. அவளைக் கட்டியவன் ரமணன்.

ரமணன் என்னைவிட இளையவன். தலைமுடி முழுதாக இருக்கிறது. (இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது.) இருவர் வீடும் மியூனிக்கில்தான். ஒரு குளிர்காலம் அவனுக்குப் புதுப் பைத்தியம் பிடித்தது. மலையில் ஏற்றிவிடும் லிஃப்டில் போகாமல், பனியில் சறுக்கும் நீளப் பலகையான ஸ்கீயைக் காலில் மாட்டியபடியே மலை ஏறி, உச்சியிலிருந்து சறுக்கி வருவான். ஞாயிறு தவறாமல் குடும்ப வாட்ஸ்அப்பில் படம் வரும். நீல வானம், வெள்ளை மலை, நடுவில் அவனுடைய பல்.

"இஞ்சாருங்கோ, எவ்வளவு வடிவா நிக்கிறான் பாருங்கோ! அந்த ஸ்கீ சரியான லேசாம். ஒரு கையாலயே தூக்கலாமாம்," என்றாள் சுகந்தி.

அந்த நிமிடமே முடிவெடுத்தேன். அவனுடையதைவிட லேசான ஸ்கீ வாங்கவேண்டும். சறுக்கத் தெரியுமா என்ற கேள்வி எனக்குள் எழவே இல்லை.

ஊர்ப் பயணத்துக்குச் சூட்கேஸ் நிறுக்கும் கைத்தராசோடு கடைக்குப் போனேன். ஒவ்வொரு ஸ்கீயாகக் கொழுவித் தூக்கிப் பார்த்தேன். கடைப்பெண் பொறுமையாகச் சொன்னாள்: ஸ்கீ, சப்பாத்து, இரண்டையும் இணைக்கும் பூட்டு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும், சப்பாத்தையும் கொண்டுவாருங்கள். "அது வீட்டில் இருக்கிறது," என்று அளவை மட்டும் சொன்னேன். (இருந்தது உண்மை. கூட வேலை செய்பவர் கழித்துவிட்ட, பளபளக்கும் சிவப்புச் சப்பாத்து.) கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் பிடிக்கும் தடுப்பு வேண்டுமா என்று கேட்டாள்.

"நிறை கூடுமா?"

"கொஞ்சம்."

"அப்படியென்றால் வேண்டாம்."

எல்லாவற்றையும் நிலவறையில் ஒளித்து வைத்தேன். ரமணனின் முகம் மாறுவதை மலையில் வைத்துப் பார்க்கவேண்டும் அல்லவா?

அந்த ஞாயிறு நான்கு பேரும் போனோம். பெண்கள் இருவருக்கும் வாடகை ஸ்கீ. கார் நிறுத்துமிடத்துக்கு மேலே, சரிவில் நின்று என் ஸ்கீயை ரமணனிடம் நீட்டினேன். ஒரு விரலால் தூக்கிப் பார்த்தான்.

"அண்ணை, இது என்ரயைவிட லேசு!"

அதைக் கேட்கத்தான் பிறந்தேன் என்று தோன்றியது. பனியில் ஸ்கீயை வைத்துக் காலை வைத்தேன். மாட்டவில்லை. மிதித்தேன். குதித்தேன். ரமணன் குனிந்து பார்த்தான்.

"அண்ணை, இந்தப் பூட்டில ரெண்டு ஊசி இருக்கெல்லோ? அது போய்ப் பொருந்த உங்கட சப்பாத்தின்ர மூக்கில ஓட்டை இருக்கோணும். இதில இல்லை. இது லிஃப்டில போற ஆக்கள் போடுற சப்பாத்து. கொழுவ ஏலாது."

"ஏலும், தள்ளு நீ!" என்று ஓங்கி ஒரு உதை உதைத்தேன்.

ஸ்கீ புறப்பட்டது. தடுப்பும் இல்லை, ஆளும் இல்லை. அவ்வளவு அழகாக யாரும் சறுக்கி நான் பார்த்ததில்லை. ஜெர்மனில் கத்தவேண்டும் என்று தெரிந்தது, வார்த்தை வரவில்லை. "ஐயோ, விலகுங்கோ!" என்று தமிழில் கத்தினேன். கீழே நின்ற ஒரு ஜெர்மன் குடும்பம் எப்படியோ அதைப் புரிந்துகொண்டு விலகியது. ஸ்கீ நேரே போய் ஒரு காரின் முன்விளக்கை உடைத்து நின்றது.

அது ரமணனின் கார். புதுக் கார். அதன்மேலும் எனக்குப் பொறாமை இருந்தது, வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்துவிடுவானோ என்று பயந்தேன்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லைத்தானே? விளக்கு மாத்தலாம் அண்ணை," என்று அவன் என் தோளில் தட்டினான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே!

மூவரும் மலை ஏறினார்கள். நான் காரிலேயே உட்கார்ந்து அவர்களுக்குக் கட்டிக்கொண்டு வந்த றோல்ஸ் எல்லாவற்றையும் தின்று முடித்தேன். அடுத்த வாரம் ரமணனே என்னைக் கடைக்குக் கூட்டிப்போய்ப் பொருத்தமான சப்பாத்து எடுத்துத் தந்தான். தடுப்பும் பூட்டுவித்தான்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தக் கதைதான். மியூனிக்கிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஊன்ட்றொப் தமிழ்க் கோயில் திருவிழாவில் முன்பின் தெரியாத ஒருவர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"ஸ்கீயைத் தனிய அனுப்பின அண்ணை நீங்கள்தானே?"

"ஓம்," என்று நானே கதையைத் தொடங்கினேன். பாதியிலேயே அவர் கையமர்த்தினார்.

"நீங்கள் விடுங்கோ அண்ணை. ரமணன் சொல்லிக் கேக்கோணும், அவர்தான் அதை வடிவாச் சொல்லுவார்."